வைரஸ் என்றால் ‘எதில் வந்தது?’ என்று கேட்கும் கடை: சுங்கை சிப்புட் உரக் கடை பற்றி ஒரு மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் நகரின் பழைய கடைவரிசையில், பிரதான சாலையிலிருந்து சற்று உள்ளடங்கி இருக்கும் இந்த உரக் கடை, பார்வைக்கு மற்ற தோட்டப்புற நகரங்களின் உரக் கடைகளைப் போன்றதுதான். செம்பனை உர மூட்டைகள், முதுகில் மாட்டும் தெளிப்பான்கள், கோழித் தீவனம், புல்வெட்டும் இயந்திரத்துக்கான நைலான் கயிறு ஆகியவற்றைத் தாண்டித்தான் கல்லாவுக்குப் போக வேண்டும். தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும் பத்துக் கோழி, ஓரிரு மாடு, வேலியோரம் நாலு பாத்தி மிளகாய் என்று வைத்திருப்பவர்களே இதன் வாடிக்கையாளர்கள். கோழி செத்தாலும், மிளகாய் இலை சுருண்டாலும், பக்கத்து வீட்டில் டிங்கிக் காய்ச்சல் வந்தாலும், அவர்களில் பெரும்பாலோர் வைரஸுக்கு மருந்து வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். முன்பு தோட்டத்தில் மருந்தடிப்பு மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்த கடைக்காரர், அலமாரியை நோக்கித் திரும்புவதற்கு முன் எதில் வந்தது, எப்போது வந்தது என்று விசாரிக்கிறார். எதற்கு மருந்தே இல்லை என்று வாய்விட்டுச் சொல்வதில் இவரை மிஞ்சிய உரக் கடைக்காரரை இந்த வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை.

அந்த விசாரணை எவ்வளவு அவசியமானது என்பதை எண்ணிப் பார்க்கலாம். அனைத்துலக வைரஸ் வகைப்பாட்டுக் குழு இதுவரை ஏற்றுக்கொண்டுள்ள வைரஸ் இனங்கள் மட்டும் 10,000-க்கும் மேல். மனிதரைத் தாக்குபவை அவற்றில் ஒரு சிறு பகுதியே. மற்றவை விலங்கு, செடி, பூச்சி, பூஞ்சை, பாக்டீரியா என்று உயிருள்ள எல்லாவற்றிலும் பரவிக் கிடக்கின்றன. இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு மருந்து இருக்க வழியில்லை.

மிளகாயிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் கடையில் அதிகமாகப் பேசப்படுவது அதுதான். செடியின் உடலுக்குள் புகுந்துவிட்ட வைரஸை அழிக்கத் தோட்டத்தில் தெளிக்கக்கூடிய மருந்து எதுவும் இல்லை. நோய்ப்பட்ட செடியைப் பிடுங்கி எரிப்பதும், நோயைச் சுமந்து வரும் பூச்சியைத் தடுப்பதும்தான் வழி. இதில் பூச்சிக்குப் பூச்சி கணக்கு மாறுகிறது. 1979-இல் தீபகற்ப மலேசியாவில் புதிதாகப் பதிவு செய்யப்பட்ட மிளகாய் நரம்புத் தேமல் வைரஸை அசுவினிகள் பரப்புகின்றன. அசுவினி ஒரு செடியைச் சில நொடிகள் குத்திச் சுவைத்தாலே போதும், வைரஸ் அதன் வாயூசியில் ஒட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விடும். பூச்சிக்கொல்லி அசுவினியைக் கொல்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். இலைச் சுருட்டை உண்டாக்கும் வைரஸ்களின் கதை வேறு. அவற்றைச் சுமக்கும் வெள்ளை ஈ நீண்ட நேரம் சாற்றை உறிஞ்ச வேண்டும், வைரஸும் ஈயின் உடலுக்குள் சுற்றி வந்த பிறகே தொற்றும் என்பதால், அங்கே பூச்சியை அடக்குவதற்கு ஓரளவு பலன் உண்டு. இந்த வேறுபாட்டைக் கடைக்காரர் இத்தனை விளக்கமாகச் சொல்வதில்லை. ஆனால் இலையில் தேமல் என்று சொன்னவரிடம் பாத்தியில் விரிக்கும் வெள்ளி நிறப் பிளாஸ்டிக் விரிப்பையும், சுருட்டை என்று சொன்னவரிடம் மஞ்சள் ஒட்டுப்பொறியையும் வலையையும் எடுத்து வைக்கிறார். வெள்ளி விரிப்பின் ஒளி கீழிருந்து அடித்து அசுவினிகளைத் திசை தடுமாறச் செய்கிறது. அது பல மாதங்கள் நீடிக்கவும் செய்யும்.

இந்தப் பாராட்டை முழுமையாகத் தர முடியாதபடி, அதே அலமாரியின் மேல்தட்டில், செடி வைரஸை ஒழிக்கும் என்று உறையில் அச்சிட்ட இலைவழிச் சத்துக் கரைசல்கள் சில நிற்கின்றன. கேட்டால், “என்ன செய்வது ஐயா, கேட்டு வருகிறவர் இங்கே கிடைக்காவிட்டால் வேறு கடைக்குப் போகிறார்” என்கிறார். வியாபாரம் என்ற அளவில் இது புரிகிறது. இருந்தாலும், மருந்தில்லை என்று வாயால் சொல்லிவிட்டுத் தலைக்கு மேல் அந்தப் புட்டியை வைத்திருப்பது நன்றாக இல்லை.

கோழி விஷயத்தில் கடையின் தரம் வேறொரு தளத்தில் இருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் என்று நம்மவர்களும் சம்பார் ஆயாம் என்று மலாய்க்காரர்களும் சொல்லும் நியூகாசல் நோய், 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் அடையாளம் காணப்பட்டது. அதை உண்டாக்கும் வைரஸ், மனிதருக்குத் தட்டம்மை தரும் வைரஸும் நிப்பா வைரஸும் சேர்ந்த அதே பெருங்குடும்பத்தைச் சார்ந்தது. வந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. வருமுன் தடுப்பு மருந்து மட்டுமே உண்டு. கோழிகள் கழுத்து முறுகிச் சாயத் தொடங்கிய பின் ஓடி வருபவர்களுக்குக் கடைக்காரர் எதையும் விற்பதில்லை, ஆன்டிபயாட்டிக் பொடி கேட்பவரிடமும் அது பாக்டீரியாவுக்கானது என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார். இந்த நேர்மைக்கு அவர் இழக்கும் வருமானம் சிறியதாக இருக்காது.

தடுப்பு மருந்து இருக்கும் குளிர்ப்பெட்டியில் வெப்பமானி தொங்குகிறது. பானங்களோ மீனோ உள்ளே இல்லை. சாதாரண விஷயமாகத் தோன்றலாம், ஆனால் உயிருள்ள வைரஸைக் கொண்ட இந்த மருந்து 2 முதல் 8 பாகை வெப்பத்தில் இருந்தால்தான் வேலை செய்யும், மதிய வெயிலில் மோட்டார் சைக்கிள் கூடையில் கிடந்தால் தண்ணீருக்குச் சமம். இங்கேதான் ஒரு குறை: கேட்டால் ஐஸ் கட்டியோடு தருகிறார்கள், கேட்காவிட்டால் வெறும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள், அதிலும் கடைக்காரர் இல்லாத நேரத்தில் கல்லாவில் நிற்கும் இளைஞருக்கு இதைப் பற்றிய நினைவே இல்லை. புட்டியின் அளவும் சிறு வளர்ப்பாளருக்குப் பொருந்துவதில்லை. நூறு கோழிகளுக்கான புட்டியைத் திறந்து கரைத்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பதால், ஒரு வரிசையில் உள்ள வீடுகள் சேர்ந்து வாங்கி ஒரே நாளில் எல்லாக் கோழிகளுக்கும் சொட்டுப் போடுவதே சிக்கனம். குடிநீரில் கலப்பவர்கள் குழாய்த் தண்ணீரின் குளோரின் மருந்தைக் கெடுக்காமலிருக்கச் சிறிது கொழுப்பு நீக்கிய பால்மாவு சேர்ப்பதுண்டு. கண்ணில் சொட்டு விடுபவர்கள் பிறகு கையைக் கழுவ வேண்டும், ஏனென்றால் இந்த வைரஸ் மனிதரின் கண்ணிலும் சில நாள் சிவப்பையும் எரிச்சலையும் உண்டாக்கக்கூடியது. வெப்பம் தாங்கும் வி4 வகைத் தடுப்பு மருந்தை நாட்டுக்கோழிகளுக்குத் தீவனத்தோடு கலந்து கொடுக்கும் முறையை 1980-களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கியவர்கள் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தினர் என்பது, இன்றும் ஐஸ் பையைத் தேடும் நம்மைப் போன்றவர்களுக்குச் சற்று வேதனை தரும் செய்தி.

இந்தக் கடையில் நான் அதிக நேரம் நின்று பார்த்தது கிருமிநாசினி அலமாரியை. எல்லாப் புட்டியும் 99.9 விழுக்காடு கிருமிகளைக் கொல்லும் என்கிறது, ஆனால் எந்தக் கிருமியை என்பது பொடியெழுத்தில் இருக்கிறது. வைரஸ்களில் சிலவற்றுக்குப் புறத்தே கொழுப்பு உறை உண்டு, சிலவற்றுக்கு இல்லை. அந்த ஒரு வேறுபாடு போதும், எந்தப் புட்டி பயன்படும், எது பயன்படாது என்பதைத் தீர்மானிக்க. நியூகாசல், பறவைக் காய்ச்சல், நிப்பா ஆகியவை உறையுள்ளவை, சவர்க்கார நீரே அவற்றைச் சிதைத்துவிடும். மாட்டுக்கு வரும் கோமாரி வைரஸுக்கு உறையில்லை. அதற்குச் சாதாரண சவர்க்காரம் போதாது, ஆனால் புளிப்போ காரமோ ஏறினால் அது தாங்காது என்பதால் சிட்ரிக் அமிலக் கரைசலோ சலவைச் சோடாக் கரைசலோ காலணியிலும் வண்டிச் சக்கரத்திலும் படவேண்டும். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸும் உறையற்றது, மிகப் பிடிவாதமானது, அழுக்கைக் கழுவிய பின் குளோராக்ஸ் போன்ற வெளுப்பான் ஊற்றாமல் தரையைவிட்டுப் போகாது. புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த இலையில் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு இருப்பது. சுருட்டுப் பிடித்த கையோடு தக்காளிக் கன்றைத் தொட்டாலே பரவும்.

கடைக்காரர் இந்த அலமாரியில் தமது கையால் சிறு சீட்டுகள் ஒட்டியிருக்கிறார்: இது கோழிக் கூண்டுக்கு, இது மாட்டுக் கொட்டகைக்கு, இது நாய் இருந்த இடத்துக்கு. எந்த நிறுவனத்தின் விளம்பரப் பலகையைவிடவும் இந்தச் சீட்டுகள் பயனுள்ளவை. அவை மலாயிலும் தமிழிலும் இருப்பது மேலும் நல்லது, ஏனெனில் புட்டிகளின் உறையில் தமிழ் கிடையாது.

ஒரு முறை, பேரப்பிள்ளைக்குக் கையிலும் வாயிலும் கொப்புளம் வந்திருப்பதாகவும், கொட்டகையில் கன்றுக்குட்டிக்கும் வாயில் நுரை தள்ளுவதாகவும் சொல்லி ஒரு பாட்டி வந்து நின்றார். “மாட்டிலிருந்துதான் பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டதா தம்பி?” என்று அவர் கேட்டதற்கு, “இல்லை பாட்டி, இரண்டும் வேறு வேறு. கன்றை மாட்டு டாக்டரிடம் காட்டுங்கள், பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்” என்று கடைக்காரர் எதையும் விற்காமல் அனுப்பினார். அவர் சொன்னது சரி. பிள்ளைகளின் கை, கால், வாய்ப்புண் நோயை என்டரோவைரஸ்களும், மாட்டின் கோமாரியை இன்னொரு வைரஸும் உண்டாக்குகின்றன. இரண்டும் ஒரே குடும்பத்தவை என்றாலும் ஒன்று மற்றொன்றாவதில்லை. 1997-இல் சரவாக்கில் பிள்ளைகளின் உயிரைப் பறித்த என்டரோவைரஸ் 71-க்கு மாட்டோடு தொடர்பில்லை.

கல்லாவுக்குப் பின்னால் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தின் எண் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. கால்நடைகள் கும்பலாகச் செத்தால் தம்மிடம் வராமல் அங்கே அழைக்கச் சொல்கிறார் கடைக்காரர். இந்த வட்டாரத்தில் அதற்கு வலுவான காரணம் உண்டு. 1998-இல் ஈப்போ சுற்றுவட்டாரப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக் காய்ச்சலை முதலில் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று கருதிப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் அது பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிக்கும் பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்த புதியதொன்று, பிறகு நிப்பா என்று பெயர் பெற்ற வைரஸ், என்று தெரிந்தது. அதற்குள் நோய் நெகிரி செம்பிலானுக்குப் பரவியிருந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஏறத்தாழ பத்து லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. 2021-இல் மலேசிய மாடுகளில் முதன்முதலாகக் காணப்பட்ட தோல் கழலை நோயின்போதும் இந்த எண்ணைத்தான் பலர் குறித்துக்கொண்டு போனார்கள்.

டிங்கிக்கான பகுதி சிறியது, குறை சொல்ல ஒன்றுமில்லை. நால்வகை டிங்கி வைரஸில் எது வந்தாலும் கொசுவைத் தடுப்பதே வீட்டாரின் வேலை என்பதால் கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் மணல், வலை, தொட்டி மூடி ஆகியவை இருக்கின்றன. பத்து லிட்டர் நீருக்கு ஒரு கிராம் என்ற அளவைப் பொட்டலத்தோடு சொல்லியே தருகிறார்கள். ரப்பர் மரத்தில் கவிழ்க்காமல் விட்ட பால் மங்குகளிலும் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதைப் பழைய மண்டோர் நினைவூட்டத் தவறுவதில்லை.

செம்பனைச் சிறுதோட்டக்காரர்களுக்குக் கடை இன்னும் கொஞ்சம் செய்யலாம். இளம் செம்பனையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்கு இங்கே கிடைப்பவை வண்டை மணத்தால் ஈர்க்கும் பெரொமோன் பொறியும் குருணை நஞ்சும் மட்டுமே. அந்த வண்டையே கொல்லும் வைரஸ் ஒன்று நம் நாட்டில்தான் கண்டறியப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. ஜெர்மன் அறிஞர் அலாய்ஸ் ஹூகர் 1963-இல் மலாயாச் செம்பனைத் தோட்டத்து வண்டுப் புழுக்களில் அதைக் கண்டார். 1967-இல் மேற்குச் சமோவாவின் தென்னைகளைக் காக்க அதைக் கொண்டுபோய் விட்டார்கள், வண்டுகள் வெகுவாகக் குறைந்தன. நோய்ப்பட்ட வண்டு உடனே சாகாமல் பறந்து திரிந்து எச்சத்தின் வழியாக மற்ற வண்டுகளுக்கும் புழுக்களுக்கும் வைரஸைப் பரப்புவதே அதன் பலம். பிற்பாடு குவாமில் பரவிய ஒரு வண்டு வகைக்கு இந்த வைரஸ் சரியாக ஏறவில்லை என்பதும் உண்மை. இதைப் புட்டியில் அடைத்து உரக் கடையில் விற்க முடியாது, அதற்காகக் கடையைக் குறைகூறவும் இயலாது; ஆனால் மறுநடவில் வெட்டிச் சாய்த்த மரங்களை அழுகவிடாமல் பொடியாக்கிப் பரப்பினாலே வண்டுப் புழுக்களின் இருப்பிடம் குறையும் என்ற அறிவுரையைப் பொறியோடு சேர்த்துச் சொல்லலாம். இலவசமான அறிவுரை என்பதாலோ என்னவோ, இதை மட்டும் அவர் சொல்லிக் கேட்டதில்லை.

கடைசியாக, வாசலில் விற்கும் கன்றுகள். உள்ளே இத்தனை கவனமாகப் பேசும் கடை, வெளியே மிளகாய், கத்திரி, தக்காளிக் கன்றுகளை வலையில்லாத தட்டுகளில் நெருக்கமாக அடுக்கி வைத்திருக்கிறது. கத்திரி இலையைத் தட்டினால் வெள்ளை ஈ எழும்புகிறது. ஒரு தட்டில் வைரஸ் இருந்தால் அது வாங்குபவர் பாத்திக்கே நேராகப் போய்ச் சேரும், பிறகு அவர் விரிப்பும் பொறியும் வாங்க இதே கடைக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும். விதையும் வலையும் இங்கே நல்லவை, நியாயமான விலையில் கிடைப்பவை. அவற்றை வாங்கிப்போய் வீட்டில் வலைக்குள் நாற்று விட்டுக்கொள்வதே நல்லது, வாசலில் உள்ள கன்றுகளை யாரும் வாங்க வேண்டாம்.