வேலைக்கு முன்னாடி ஒன்றரை மணி நேரம்: மூணு வருஷமா ஓட்டுற ஃபிஷிங் கயாக்

மீன் பிடிக்க 10 அடி சிட்-ஆன்-டாப் கயாக் (உள்ள இறங்காம மேலயே உக்காந்து துடுப்பு போடுற சின்னப் படகு) ஒண்ணு வாங்கி மூணு வருஷம் முடிஞ்சிருச்சு. வாரத்துக்கு ரெண்டு நாள், விடியிற நேரத்துல ஏரியில ஒன்றரை மணி நேரம், அப்புறம் வீட்டுக்கு வந்து குளிச்சுட்டு வேலைக்கு ஓடணும். அந்த ஒரு பழக்கத்துக்கு இது எப்படி ஒத்து வந்துச்சுன்னுதான் சொல்றேன், முழு நாள் போறவங்க கணக்கு வேற.

வாங்கும்போது பெடல் வச்ச பெரிய மாடல் மேலதான் கண்ணு. நல்லவேளை எடுக்கல. இது சீட்டைக் கழட்டுனா 26 கிலோ, இருட்டுல தனியா நின்னு கார் மேல ஏத்திடலாம். பெடல் யூனிட்டோட சேர்ந்தா அந்த பெரிய மாடல் சுமார் 45 கிலோ, அதை ஒவ்வொரு தடவையும் ஒத்தையாளா தூக்கணும்னா ரெண்டாவது வாரமே போர்வையை இழுத்துப் போர்த்தி தூங்கிருப்பேன், சத்தியமா.

ஆரம்பத்துல நாலு ராட் (தூண்டில் கம்பு), மீன் இருக்கிற இடத்தைக் காட்டுற ஃபிஷ் ஃபைண்டர், பேட்டரி, நங்கூரம்னு எல்லாத்தையும் கட்டிட்டு போவேன், தண்ணில இறங்கவே 25 நிமிஷம் போயிடும். இப்ப ரெண்டு ராட், லூர் (போலி இரை) வைக்கிற ஒரு சின்ன டப்பா, அவ்ளோதான். டப்பாவுக்கு அடியில ஒரு ஃபோம் ஷீட் ஒட்டினேன், ஏன்னா பிளாஸ்டிக் மேல ஏதாவது டொக்குன்னு விழுந்தா ஹல் (கயாக்கோட உடம்பு) முழுக்க மத்தளம் மாதிரி அதிரும், பக்கத்துல இருக்கிற மீன் போயிடும்.

விரால் பிடிக்கிறவங்களுக்கு இது தெரியும், அது காத்து குடிக்க மேல வந்தாகணும், அந்த சின்ன சுழி தெரிஞ்சா அதுக்கு அந்தப் பக்கம் தவளை லூரைப் போட்டு மெதுவா இழுத்துட்டு வரணும். கயாக்ல தாழ உக்காந்து சத்தமில்லாம ஒட்டிப் போக முடியுது, கரையில நின்னா எட்டாத அல்லிக் கொடி நடுவுல எல்லாம் போட முடியுது. பெருசா ஒண்ணு அடிச்சா கயாக்கே அது போற பக்கம் திரும்பும். அந்த நிமிஷத்துக்காகத்தான் அலாரம் வைக்கிறேன்.

காத்துதான் இதுக்கு ஆகாது. விடியும்போது பெரும்பாலும் அடங்கி இருக்கும், வெயில் ஏறி தரை சூடானதும் கிளம்பும், இந்த நீளத்துக்கு மூக்கு ஒரு பக்கமா போயிட்டே இருக்கும். அதனால போகும்போது எதிர்க்காத்துல போயிடுவேன், திரும்பும்போது அதுவே தள்ளிவிடும். கூட வந்த 220 செமீ துடுப்பு இந்த அகலத்துக்குப் பத்தல, கை சைடுல இடிச்சுட்டே இருந்துச்சு, 240 மாத்தினப்புறம் நிம்மதி.

பெரிய பிரச்சனைன்னா ஸ்கப்பர் ஓட்டை, அதாவது மேல விழுற தண்ணி கீழ வடியறதுக்கு கயாக்ல மேலிருந்து அடி வரைக்கும் போற ஓட்டை. அதுக்குள்ள கம்பியைச் சொருகுற வீல் கார்ட்டை ரெண்டு வருஷம் கல்லு மேல இழுத்தேன். ஒருநாள் கயாக் ஏதோ கனமா நகருதேன்னு கரைக்கு வந்து தண்ணி வடிக்கிற ட்ரெயின் ப்ளக்கைத் திறந்தா உள்ள இருந்து தண்ணி கொட்டிட்டே இருக்கு. ஓட்டை ஓரத்துல மயிரிழை விரிசல். பாலிஎத்திலீன்ல சாதா பசை பிடிக்காது, அதே பிளாஸ்டிக்கை உருக்கி வெல்ட் பண்ண வேண்டியதா போச்சு. இப்ப அடியில தாங்கி பெல்ட் போடுற கார்ட்தான். கார் மேல ஸ்ட்ராப்பை ரொம்ப இறுக்கி வெயில்ல விட்டு ஹல் பள்ளமும் ஆச்சு, அடிப்பக்கம் மேல இருக்கிற மாதிரி கவுத்து வெயில்லயே போட்டதும் கிட்டத்தட்ட சரியாயிடுச்சு.

தனியா போறவங்க தயவுசெஞ்சு லைஃப் ஜாக்கெட்டை உடம்புல போடுங்க, பின்னாடி கட்டி வைக்காதீங்க. கவுந்தா திரும்ப ஏற ஆழமில்லாத இடத்துல பழகிக்கோங்க: காலை உதைச்சு வயிறு குறுக்க வர்ற மாதிரி ஏறி, புரண்டு, அப்புறம் உக்காரணும். ஃபோனும் விசிலும் ஜாக்கெட்லயே இருக்கட்டும், கயாக் கையை விட்டுப் போனா அதுல இருக்கிறதும் போயிடும். இருட்டுல இறங்குனா வெள்ளை லைட் கட்டாயம்.

திரும்புற நேரத்துக்கும் அலாரம் வச்சிருக்கேன். போன வாரம் சரியா ஒரு பெரிய சுழி எழும்பும்போது அடிச்சுச்சு, லூரை சுத்திட்டுக் கிளம்பிட்டேன். இடம் ஞாபகம் இருக்கு, வியாழக்கிழமை அங்கதான் முதல்ல போறேன்.