பாடக்குறிப்பு நோட்டு: அந்த ஒரு கட்டத்துக்காகவே வாங்கலாம்

ஒரு பருவம் முழுக்கப் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஆய்வுக்கு வருபவர் பார்ப்பதற்காக நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு என்று எழுதி அடுக்கிய நோட்டுகள் என்னிடம் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றைக்கூட வகுப்பில் திறந்து பார்த்ததில்லை.

இந்த நோட்டில் பாடத்துக்கு இரண்டு பக்கம். இடப்பக்கம் வெறும் கட்டம். வகுப்பு முடிந்து மணி அடிக்கும்போது கரும்பலகையில் என்ன இருக்க வேண்டுமோ, அதை முதல் நாளே வரைந்து பார்க்கலாம். ஜப்பானிய ஆசிரியர்கள் இந்தப் பலகைத் திட்டத்தை 'பன்ஷோ கெய்காகு' என்பார்கள். வலப்பக்கம், கேட்கப்போகும் கேள்வி. அதன் பக்கத்திலேயே "எதிர்பார்க்கும் தவறு" என்று ஒரு கட்டம்.

இந்தக் கட்டம்தான் என்னை உட்காரவைத்தது. தசமப் பாடத்துக்கு "0.4, 0.35, எது பெரிது?" என்று எழுதினேன். 35 பெரிய எண் என்பதால் 0.35 என்பார்கள். சரி, முடிந்தது என்று பார்த்தால் இன்னும் இரண்டு வரி காலி. அப்போதுதான் உறைத்தது: புள்ளிக்குப் பின் இலக்கம் குறைந்தால் எண் பெரிது என்று நினைக்கும் பிள்ளையும் 0.4 என்றுதான் சொல்லும். விடை சரி, காரணம் தப்பு. அதனால் 0.3, 0.45 என்று இன்னொரு ஜோடியும் சேர்த்தேன்.

மறுநாள் முதல் கேள்விக்குச் சரியாகச் சொன்னவர்களில் மூன்று பேர் இரண்டாவதற்கு 0.3 என்றார்கள். ஏன் என்று கேட்டேன். "பத்தில் ஒன்று, நூறில் ஒன்றைவிடப் பெரிசுதானே டீச்சர்" என்றாள் ஒரு சிறுமி. எவ்வளவு நியாயமான காரணம்! நூறு கட்டச் சதுரங்கள் இரண்டு பலகையில் தயாராக இருந்தன. ஒன்றில் அவளே 30 கட்டம் நிரப்பினாள், அப்புறம் அடுத்ததில் 45. சாக்பீஸைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இரண்டு வரி காலியாக இல்லாவிட்டால், அவளுக்கு 'சரி' போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன்.

குறைகளும் உண்டு. ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்த நேரக் கட்டம் வீண். எந்த வகுப்பும் அப்படி ஓடாது. "வகுப்புக்குப் பின்" எழுத மூன்றே வரி, எனக்குப் போதவில்லை, துண்டுத்தாள் ஒட்டுகிறேன். மை பேனாவால் எழுதினால் மறுபக்கம் ஊறுகிறது. ஸ்பைரல் என்பதால் மேசையில் விரிந்து கிடக்கும், அது நல்ல வசதி.

ஒரு பாடத்துக்கு அரைமணி நேரம் பிடிக்கிறது. எல்லாப் பாடவேளைக்கும் முடியாது. வாரத்துக்கு இரண்டு, புதிதாகத் தொடங்கும் பாடங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். அடுத்த பருவத்துக்கும் இதையே வாங்கியாயிற்று. பின்னங்களுக்கான முதல் "எதிர்பார்க்கும் தவறு" கட்டத்தில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறேன். கீழே இரண்டு வரி இன்னும் காலி.