ஜப்பானியக் கலைடாஸ்கோப்: உலர்ந்ததா, எண்ணெய் விட்டதா?

கியோட்டோவின் நினைவுப்பொருள் கடைகளில் பூப்போட்ட சியோகாமி காகிதம் சுற்றிய சின்னக் கலைடாஸ்கோப், அதாவது திருப்பத் திருப்பக் கோலம் மாறும் குழல், கிடைக்கும். அதே ஊரில், கரசுமா ஒய்கே நிலையத்துக்குப் பக்கத்தில் 2004-ல் திறந்த கலைடாஸ்கோப் அருங்காட்சியகத்துக்குப் போனால் கைவினைக் கலைஞர்கள் செய்தவற்றைப் பார்க்கலாம். ஜப்பானியர்கள் இரண்டையும் மாங்கெக்யோ என்றுதான் சொல்கிறார்கள். விலை மட்டும் பல மடங்கு வேறுபடுகிறது.

என் கணக்கில் அந்தக் காசு முதலில் போக வேண்டிய இடம் உள்ளே இருக்கும் கண்ணாடி. மலிவுக் குழலில் ரசம் பின்பக்கம் பூசியிருக்கும். ஒளி கண்ணாடியின் கனத்தைக் கடந்து போய்த் திரும்புகிறது, மேற்பரப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிரதிபலிக்கிறது. அதனால் பிம்பம் லேசாக இரட்டிக்கும், மூட்டுகளில் மங்கலான கோடு விழும். நல்ல கருவியில் பூச்சு முன்பக்கத்திலேயே இருக்கும், மூட்டு எங்கே என்று தேடத்தான் வேண்டும். ஆனால் விரல் பட்டாலே அந்தப் பூச்சு கெடும், எனவே பிரித்துத் துடைக்கிற வேலை வேண்டாம்.

எத்தனை கண்ணாடி என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டை 30 பாகைக் கோணத்தில் வைத்தால் வட்டம் 12 கூறாகி, கறுப்புப் பின்னணியில் ஆறு முனை நட்சத்திரம் ஒன்று நிற்கும். 36 பாகை என்றால் ஐந்து முனை. மூன்றை 60 பாகையில் முக்கோணமாக அடுக்கினால் கோலம் எல்லையில்லாமல் பரவும். ஒவ்வொரு பிரதிபலிப்பிலும் ஒளி குறைவதால், சுமாரான கண்ணாடியின் குறை மூன்றில்தான் அதிகம் தெரியும். மலிவுக் குழல்களில் பெரும்பாலும் இருப்பது அந்த மூன்றுதான்!

சரி, உலர்ந்ததா, எண்ணெயா? குழலின் முனையில் துண்டுகள் கிடக்கும் சின்ன அறையைத்தான் சொல்கிறேன். உலர்ந்த அறையில் மணிகளும் கண்ணாடித் துண்டுகளும் சலசலவென்று விழும், கோலம் சட்டென்று உடைந்து வேறொன்றாகும். பார்ப்பவர் கைதான் அதன் வேகம். திருப்புவதை நிறுத்தினால் கோலமும் நின்றுவிடும். எண்ணெய் அறையில் அப்படி இல்லை. சிலிக்கான் எண்ணெயோ கிளிசரினோ நிரப்பியிருப்பதால் கை நின்ற பிறகும் துண்டுகள் மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு நிறம் இன்னொன்றுக்குள் வழிந்து போவதை அசையாமல் பார்க்கலாம். தீச்சுடரில் உருக்கி இழுத்த நுண்ணிய கண்ணாடி இழைகள் உள்ளே இருந்தால் இதன் அழகே தனி. எண்ணெய் எவ்வளவு கெட்டி, துண்டு எவ்வளவு கனம் என்பதைப் பொருத்துவதில்தான் கலைஞரின் கைத்திறன் தெரிகிறது. பிசகினால் எல்லாம் ஒரே வேகத்தில் அடியில் போய்க் குவிந்துவிடும். நாளாக ஆகக் காற்றுக்குமிழி வரலாம், கசியவும் செய்யலாம். உலர்ந்ததற்கு இந்தக் கவலை கிடையாது.

துண்டுகளே இல்லாமல் முனையில் உருண்டை லென்ஸ் வைத்த வகையும் உண்டு. எதிரே இருப்பதெல்லாம் கோலமாகும். தெருவில் நடக்கும்போது வேடிக்கை, வீட்டுக்குள் சீக்கிரம் அலுத்துவிடும்.

வெளிப்புறத்தில் மயங்க வேண்டாம். ஜப்பானின் அரிதா என்ற ஊர்ப் பீங்கானில் செய்த குழல் மேசைமேல் வைக்க அழகுதான், ஆனால் பீங்கானுக்குக் கொடுக்கும் காசு பிம்பத்தைத் தெளிவாக்காது. மலிவுக் குழலை இளப்பமாக நினைக்கவும் வேண்டாம், அதற்கும் பழைய வரலாறு உண்டு. ஸ்காட்லாந்தின் டேவிட் ப்ரூஸ்டர் 1817-ல் காப்புரிமை வாங்கிய இந்தக் கருவி, டச்சுக் கப்பல்களைத் தவிர வேறு ஐரோப்பியக் கப்பலை ஜப்பான் அனுமதிக்காத காலத்திலேயே, 1819-க்குள் அங்கே வந்துவிட்டது. வந்த வேகத்தில் ஒசாகாவில் போலிகளும் செய்திருக்கிறார்கள்.

குழந்தைக்கு என்றால் சியோகாமி குழல் போதும், கீழே போட்டாலும் மனசு வலிக்காது. உங்களுக்கு என்றால் முன்பூச்சுக் கண்ணாடி இரண்டு வைத்த உலர்ந்த வகையை முதலில் வாங்குங்கள். எண்ணெய் வகையை நேரில் கையில் எடுத்து, ஒரு முறை திருப்பிவிட்டு, துண்டுகள் இறங்கி முடியும்வரை பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.