பூஞ்சையோடு விதைப்பதா, பூஞ்சை இல்லாமலா?

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மிட்லண்ட்ஸில் பால்மாடு வைத்திருக்கும் நம்மவர்கள் நிரந்தர மேய்ச்சலுக்கு டால் ஃபெஸ்க்யூ என்ற தீவனப் புல்லை விதைக்க நினைத்தால், முதலில் புல்லுக்குள் குடியிருக்கும் எபிக்ளோ பூஞ்சையைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். வெளியே புள்ளியோ துருவோ தெரியாது. தண்டின் அடியில் இலையுறையின் உட்தோலை உரித்து, அனிலின் நீலம் இட்டு நுண்ணோக்கியில் வைத்தால், செல்களுக்கு நடுவே நீளவாக்கில் நெளிந்தோடும் நீல நூல்கள் தெரியும். விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும்.

இயல்பான பூஞ்சையுள்ள ரகத்துக்குப் பேர்போனது 1943-இல் அமெரிக்காவில் வெளியான கென்டக்கி 31. வறட்சி, பூச்சி, ஓயாத மேய்ச்சல் எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் அந்தப் பூஞ்சை சுரக்கும் எர்கோவாலின் என்ற நஞ்சு மாட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். உடல் சூடு வெளியேறாமல் மாடு மேய்வதை விட்டுக் குட்டையில் போய் நிற்கும், பால் குறையும். குளிர்காலத்திலோ குளம்பும் வால் நுனியும் அழுகும். காரணம் பூஞ்சைதான் என்ற சந்தேகம் வலுத்தது 1977-இல்தான்.

பூஞ்சை நீக்கிய விதையில் மாட்டுக்குத் தொல்லை இல்லை, புல்லுக்குத்தான் தொல்லை. வறண்ட மேட்டு நிலத்தில் சில வருடங்களிலேயே திட்டுத் திட்டாகக் காய்ந்துபோகும். பாசனம் இருந்தால் சரி. நிரந்தர மேய்ச்சலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் ஓட்டு மூன்றாவதற்கு: எர்கோவாலின் சுரக்காத, ஆனால் பூச்சியை விரட்டும் பூஞ்சையைத் தேர்ந்தெடுத்து ஏற்றிய விதை. விலை கூடுதல். டர்பன் மாதிரிப் புழுக்கமான ஊரில் கிடங்கில் போட்டு வைத்தால் பூஞ்சை செத்துவிடும். விதை மட்டும் ஒன்றும் ஆகாததுபோல முளைக்கும்! பூஞ்சை நீக்கிய விதையையே கூடுதல் காசு கொடுத்து வாங்கிய கதைதான்.

நாட்டுப் புல்லே போதுமே என்பீர்கள். இங்கத்திய நாட்டுப் புல்லான ரூய்கிராஸ் வெப்பப் பருவப் புல், அதில் எபிக்ளோ தங்காது. அது செழித்த வெல்டை (இயற்கைப் புல்வெளியை) ஃபெஸ்க்யூவுக்காக உழுதுவிடாதீர்கள், திரும்ப வருவது வெகு கடினம். ஆனால் நாட்டுப் புல்லென்றாலே பத்திரம் என்றும் எண்ண வேண்டாம். வறண்ட கரூ பகுதியின் ட்ரோங்க்கிராஸ் என்ற புல் இதே எபிக்ளோ பேரினத்துப் பூஞ்சையைச் சுமக்கிறது; வேறு தீனி இல்லாமல் அதைத் தின்ற மாடும் கழுதையும் தள்ளாடி விழும்.

ஏற்கெனவே பழைய ஃபெஸ்க்யூ நிற்கும் நிலத்தில் கதிர் வந்ததும் அறுத்துவிடுங்கள், நஞ்சு கதிரிலும் தண்டின் அடியிலும்தான் அதிகம். அடிவரை மேய விடாதீர்கள். நடுவே க்ளோவர் (பயறு வகைத் தீவனச் செடி) விதை தூவுங்கள்.