சும்மா நிற்கும் ஆர்எக்ஸ்செட்: ஆறு வருட அனுபவம்

அப்பாவின் யமாஹா ஆர்எக்ஸ்செட், பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள், என் கைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. எனக்கு வேலை சிங்கப்பூரில். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வருடத்தில் இரண்டு மூன்று முறை வந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டுக் கொட்டகையில் மோட்டார் சும்மா நிற்கும்.

முதல் வருடம் தைப்பூசம் முடிந்ததும் பாதி டாங்கி பெட்ரோலோடு விட்டுப் போய்விட்டேன். தீபாவளிக்கு வந்து மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாடையே இல்லை, பழைய வார்னிஷ் டப்பாவின் புளித்த நெடி. உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். டார்ச் அடித்துப் பார்த்தேன். பெட்ரோல் நின்ற மட்டம் வரை தகடு சுத்தமாக இருந்தது. அதற்கு மேலே கோடு போட்டது போல் செந்துரு.

பட்டறை அண்ணன், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டரைக் கழற்றினார். அதில் பெட்ரோல் தங்கும் கிண்ணத்தின் அடியில் பழுப்பாகப் பிசின். பெட்ரோல் போகும் நுண்துளை கொண்ட பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார், துளையில் பொட்டு வெளிச்சம் தெரியவில்லை. வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி மெதுவாக விட்டார். "ஊசி விட்டா ஓட்டை பெருசாயிடும் தம்பி, அப்புறம் ஜெட்டையே மாத்தணும்."

பெட்ரோலில் லேசான பகுதிதான் முதலில் ஆவியாகும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகும். டாங்கி காலியாக இருக்கும் அளவுக்கு ஈரக்காற்று உள்ளே புகும், இரவுக் குளிர்ச்சியில் அது தகட்டில் நீராக வேர்க்கும்.

பனி நாடுகளில் குளிர்காலம் முழுக்க மோட்டாரைப் பூட்டி வைப்பவர்கள் டாங்கியை நிரப்பி, பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவத்தை ஊற்றி, பேட்டரியைத் தனியே சார்ஜில் போடுகிறார்கள். நமக்குப் பனி இல்லை. ஆனால் இது அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை பிடிக்கும் ஊர். அதனால் அவர்கள் வழக்கத்தையே எடுத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் புது ரோன் 95 பெட்ரோலைக் கழுத்து வரை நிரப்பி, ஸ்டெபிலைசர் கலந்து, அரை மணி நேரம் ஓட்டுவேன். கெட்ட பெட்ரோலில் ஊற்றினால் அது ஒன்றும் செய்யாது, புதிதில்தான் கலக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பெட்ரோல் குழாயை மூடி, கார்ப்பரேட்டர் அடியிலுள்ள திருகைத் தளர்த்திக் கிண்ணத்தைக் காலி செய்வேன். சிலர் குழாயை மூடிவிட்டு எஞ்சின் தானாக அணையும் வரை ஓட விடுகிறார்கள். அதில் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தங்கிவிடும், எனக்கு அது பிடிக்கவில்லை. அப்புறம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி டூ-டி எண்ணெய் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய்) விட்டு, சாவி போடாமல் நாலு முறை மெதுவாக உதைப்பேன். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க், அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டு, எண்ணெயில் ஊறி இருப்பதில்லை, பேரிங் துருப்பிடித்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். கடைசியாகப் புகைக்குழாய் வாயில் பிளாஸ்டிக் பை கட்டுவேன். ஒருமுறை கட்ட மறந்து, குளவி உள்ளே மண்கூடு கட்டியிருந்தது.

இரண்டாம் வருடம், வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைக்கும்படி பக்கத்து வீட்டுத் தம்பியிடம் அம்மா சொல்லியிருந்தார். அவனும் தவறாமல் இரண்டு நிமிடம் உறும விட்டு அணைத்திருக்கிறான். பாவம், நல்ல மனதோடு செய்தது. நான் வந்து பார்த்தபோது பிளக் கறுத்து எண்ணெய் வழிந்தது, புகைக்குழாயில் தண்ணீர். எஞ்சின் நன்றாகச் சூடேறாமல் அணைத்தால் எரியும்போது உண்டாகும் நீர் உள்ளேயே தங்கிவிடும். ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும், இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

அதன் பிறகு கார்ப்பரேட்டரைக் கழற்றவே இல்லை. போன தீபாவளிக்கு எட்டு மாதம் நின்ற மோட்டார் ஐந்தாவது உதையில் பிடித்தது. உள்ளே விட்ட எண்ணெய் தீரும் வரை வெள்ளைப் புகை கொட்டகையை நிறைத்தது, அம்மா துணிகளை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான கிராங்க் சீலை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. நின்று நின்று ரப்பர் இறுகிவிட்டது. காற்று இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமலே எஞ்சின் சத்தம் ஏறியது. நான்காம் வருடம் மாற்றினேன்.