கட்டில் தந்தார்கள், விலாசம் தரவில்லை

திருகோணமலையில் இருந்து ஒரு செமஸ்டருக்கு வெளிநாடு போகத் தயாராகும் பிள்ளைகளும் அவர்களின் அப்பா அம்மாவும் இதைக் கட்டாயம் வாசியுங்கள். போகும் நாட்டில் தங்க இடம், பதிவு எல்லாம் பார்த்துத் தருகிறோம், "செட்டில்மென்ட் பேக்கேஜ்" என்று யாராவது சொன்னால், காசைக் கையில் எடுக்குமுன் அந்த நாட்டுப் பல்கலைக்கழகம் அனுப்பிய மெயில்களைத் திரும்ப ஒருதரம் முதலில் இருந்து படியுங்கள். நான் படிக்கவில்லை. 4 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா போனது.

2025 மே மாதம் தெரிவுக் கடிதம் வந்தது. ஒக்டோபரில் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் வகுப்பு. ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் பிளஸ் உதவித்தொகை. அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது, பெயர் நம்முடைய கம்பஸிலேயே பதிவில் இருக்கும். இவ்வளவும் விளங்கியது. அதற்குப் பிறகு வந்த மெயில்கள்தான் தலையைச் சுற்ற வைத்தன. ஒவ்வொன்றிலும் நாலைந்து லிங்க், ஒவ்வொரு லிங்குக்கும் ஒரு கடைசித் திகதி. அப்பா தினமும் பின்னேரம் தேத்தண்ணியோடு வந்து, "தங்குறதுக்கு இடம் என்னமாதிரிப் பிள்ள?" என்று கேட்பார். எனக்கே தெரியாததை அவருக்கு என்னவென்று சொல்ல. அம்மா பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். அப்பா ஒரு சொந்தக்காரரைக் கேட்டார். சொந்தக்காரர் ஏஜென்சியைக் காட்டினார்.

கடைக்கு மேல் மாடி. உள்ளே ஏசி, சுவர் நிறைய விசா குத்திய பாஸ்போட் படங்கள், மேசையில் குட்டிக் குட்டிக் கொடிகள். கண்ணாடிச் சட்டத்துக்குள் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அனுமதிப்பத்திரம் ஒன்று தொங்கியது. அது ஆட்களை வேலைக்கு அனுப்புவதற்கானது, படிக்கப் போகும் பிள்ளைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அன்றைக்கு அது உறைக்கவில்லை. "சேர், என்ட தம்பி உங்களிட்டத்தான் கணக்குப் படிச்சவன்" என்றார் ஏஜென்ட். அப்பா முப்பது வருசம் படிப்பித்தவர். யார் வந்து இதைச் சொன்னாலும் முகம் மலர்ந்துவிடும். பாதிக் காசு அந்த இடத்திலேயே போய்விட்டது என்று இப்போது வீட்டில் பகிடி பண்ணுவோம். அப்பா சிரிப்பதில்லை.

முதல் வெருட்டு, வங்கியில் முடக்கி வைக்கும் பணம். ஜெர்மனிக்குச் சொந்தச் செலவில் படிக்கப் போகிறவர்கள் ஒரு வருசச் செலவுக்கு 2025 இல் 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது, மாதத்துக்கு 992 யூரோ என்ற கணக்கு. அது உண்மை. அவர் அதைக் கல்குலேட்டரில் அடித்து, திரையை அப்பா பக்கம் திருப்பி வைத்தார். 41 இலட்சத்துக்கு மேல். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஏஜென்ட் குரலைத் தணித்து, "யோசிக்காதீங்க சேர், நான் கதைச்சு அதை இல்லாமப் பண்ணித் தாறன்" என்றார். அதற்கு 85,000 ரூபா. எனக்கு உதவித்தொகைக் கடிதமே போதும், முடக்கக் கணக்கு தேவையில்லை என்பதை நான் விசாவுக்குப் போன அன்றுதான் அறிந்தேன். தேவையே இல்லாத ஒன்றை இல்லாமல் செய்ததற்கு அம்மாவின் காப்பு ஒரு சோடி அடகுக்குப் போனது.

ஆனால் காசை விடப் பெரிய நட்டம் மாணவர் விடுதி. ஜூன் மாதம் விடுதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி மெயில் வந்தது. போனில் அவருக்குக் காட்டினேன். "தங்கச்சி, அது அங்கத்தப் பிள்ளைகளுக்கு. உங்களுக்குக் கிடைக்காது. எங்கட தமிழ் ஆக்களோட இருந்தாச் சாப்பாட்டுக்கும் பிரச்சினையில்ல." சாப்பாடு என்றதும் அம்மா தலையாட்டினார். திகதி கடந்துபோனது. அறை முற்பணம், இரண்டு மாத வாடகை, எயார்போட்டில் வந்து ஏற்றுவது, சிம், நகரப் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் சேர்த்து 3 இலட்சம். காப்புறுதிக்கு 25,000. பற்றுச்சீட்டு தந்தார். அதில் "ஆலோசனைக் கட்டணம்" என்ற ஒரே வரிதான் இருந்தது. அந்த ஒரு வரியைக் கவனித்திருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திராது.

பிராங்க்பேர்ட்டில் இறங்கினேன். ஏற்ற யாரும் இல்லை. ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு வொய்ஸ் மெசேஜ்: "தங்கச்சி, நான் வேலையில நிக்கிறன், ட்ரெய்ன் எடுத்து வாங்க." அந்த நேரத்தில் ஸ்டேசனில் லைப்சிக் போக டிக்கெட் எடுத்தால் என்ன விலை என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 90 யூரோவுக்கு மேல். ஊரில் 49 ஆம் நம்பர் பஸ் ஏறி ஹபரணையில் தேத்தண்ணி குடித்துக் கொழும்பு போன ஆள் நான். அந்த விலைக்கு அழுகைதான் வந்தது.

வீடு இரண்டு அறை. நாலு பேர். எனக்கு ஹோலில் ஒரு அலுமாரியைக் குறுக்கே வைத்து மறித்த மூலை, அதில் ஒரு கட்டில். வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தவர் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிற ஒரு தமிழ் அண்ணா. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். இரவில் புட்டு அவித்தால் எனக்கும் ஒரு கோப்பையில் மூடி வைப்பார். ஆனால் அந்த வீட்டில் நான் இருப்பது வீட்டு உரிமையாளருக்குத் தெரியக்கூடாது. அங்கேதான் எல்லாம் பிழைத்தது.

ஜெர்மனியில் கடிதம் பெயரைப் பார்த்துத்தான் வரும். மாடி வீட்டுக்கு எங்களைப் போல இலக்கம் கிடையாது. கீழே வாசலில் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கும், பெட்டியில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிவிடுவார். வந்த மூன்றாம் நாள் என் பெயரை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, செலோடேப் போட்டு, அந்த அண்ணாவின் பெயருக்குக் கீழே ஒட்டினேன். பின்னேரம் வந்து பார்த்தால் கடதாசி இல்லை, நகத்தால் சுரண்டிய இடத்தில் டேப்பின் ஒரு கரை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே போனேன். "ஓனர் பாத்தா நாங்க எல்லாரும் வெளியில, விளங்குதா தங்கச்சி?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு வந்த இரண்டு கடிதங்கள் திரும்பிப் போயின.

அடுத்தது பதிவு. அங்கே ஒரு வீட்டில் குடியேறினால் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் விலாசத்தைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அதற்குக் கட்டணமே கிடையாது. கேட்பது வீடு தந்தவர் கையெழுத்து வைத்த ஒரு தாள், அதன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங். எங்கள் ஊரில் அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் சேர்த்து எழுதினாலும் இவ்வளவு நீளம் வராது. அந்தத் தாளில் உரிமையாளர்தான் கையெழுத்து வைக்க வேண்டும் என்றில்லை, வாடகைக்கு எடுத்து உள்ளே ஆள் வைத்திருப்பவரே வைக்கலாம். ஒளித்து வைத்திருப்பவர் எப்படி வைப்பார்? தாள் இல்லாமல் பதிவு இல்லை. பதிவுச் சான்று இல்லாமல் நான் போன வங்கியில் கணக்குத் திறக்கவில்லை. கணக்கு இல்லாமல் உதவித்தொகை வரவில்லை. கையில் கொண்டுபோன காசில் பாணும் முட்டையும்.

காப்புறுதியும் அதே கதைதான். 25,000 ரூபாவுக்குத் தந்தது பயணக் காப்புறுதி. பல்கலைக்கழகப் பதிவுக்கு மருத்துவக் காப்புறுதி நிறுவனம் நேரடியாக உறுதி அனுப்ப வேண்டும், மாணவருக்கு அப்போது மாதம் 140 யூரோ அளவில் வந்தது. கையில் கடைசியாக இருந்த காசு அதற்குப் போனது.

ஏஜென்ட்டுக்கு அழுது மெசேஜ் போட்டேன். பதில் உடனே வந்தது. 300 யூரோ தந்தால் வேறு ஒரு விலாசத்தில் தாள் எடுத்துத் தரலாமாம். நல்ல காலம், காசு கையில் இல்லை. இருந்திருந்தால் கொடுத்திருப்பேன், அதை ஒளிக்க மாட்டேன். பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம் அந்த மெசேஜைக் காட்டியபோது அவர் கதிரையை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் வந்து இருந்தார். குடியிருக்காத வீட்டு விலாசத்தைப் பதிவுக்கு விற்பவருக்கு 50,000 யூரோ வரை தண்டம் போட அங்கே சட்டம் இருக்கிறது. பொய்யாகப் பதிபவருக்கும் தண்டம் தனியாக உண்டு. "ஜூனில் அனுப்பிய விடுதி மெயில் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். கிடைத்தது என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் நடுப்பகுதியில் விடுதியில் ஒரு பிள்ளை வராமல் விட்டதால் ஓர் அறை மிஞ்சியது, அதை எனக்கு எடுத்துத் தந்தார். நாலரைக்கே இருட்டிவிட்ட ஒரு பின்னேரம் சூட்கேசை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். திறப்போடு சேர்த்து அந்தத் தாளையும் கையெழுத்து வைத்து நீட்டினார்கள். ஏழு வாரம் அலைந்தது, இரண்டு நிமிசத்தில். பழைய இடத்து முற்பணத்தைக் கேட்டேன். "காசு என்ட கைக்கு வரல்ல தங்கச்சி, ஊர்ல கேளுங்க" என்றார் அந்த அண்ணா. மாத வாடகைக்கு மேல் அவருக்கு ஏஜென்ட் ஒரு சதமும் அனுப்பவில்லையாம். உண்மையோ பொய்யோ, நான் சண்டை பிடிக்கவில்லை.

மார்ச்சில் ஊர் வந்ததும் அப்பாவோடு அந்த மாடிக்குப் போனேன். நெஸ்கபே வந்தது. "தங்கச்சி, அங்க வச்சே சொல்லியிருந்தா முடிச்சுத் தந்திருப்பன்" என்றார். போனை எடுத்து, ஒக்டோபரில் இருந்து நான் போட்ட மெசேஜ்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிக் காட்டினேன். பற்றுச்சீட்டை விரலால் தட்டினார். ஆலோசனை தந்துதானே இருக்கிறது என்றார். அப்பா அதற்குப் பிறகும் மூன்றுதரம் தனியாகப் போய் 60,000 ரூபா வாங்கிவந்தார். அம்மாவின் காப்பு இன்னும் மீட்கவில்லை.

முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதனால் ஏஜென்சியின் பெயரை இங்கே போடவில்லை. போன கிழமை மார்க்கெட் பக்கம் போகும்போது, பைலைக் கையில் பிடித்தபடி ஓர் அம்மாவும் மகனும் அந்தப் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டு நிறுத்தினேன். தம்பிக்கு எந்த நாடு என்று கேட்டேன். போலந்து என்றான். விடுதிக்கு விண்ணப்பம் போட்டாச்சா என்றேன். அம்மா மகனைப் பார்த்தார், மகன் போனை எடுத்து மெயிலைத் தேடத் தொடங்கினான்.