இரண்டு ஸ்டீவ் ரோஜர்ஸ்: எந்த கேப்டன் அமெரிக்கா உங்களுக்கு?

சினிமாவில் பார்த்த கேப்டன் அமெரிக்காவைக் காமிக்ஸில் தேடிப் போனால் இரண்டு பேர் எதிரே வந்து நிற்பார்கள். ஒருவர் மார்வெலின் மூல உலகத்து ஸ்டீவ் ரோஜர்ஸ். இன்னொருவர் 2002-ல் மார்க் மில்லர் எழுத, பிரையன் ஹிட்ச் வரைந்த 'தி அல்டிமேட்ஸ்' தொடரில் வரும் மாற்று உலகத்து ஸ்டீவ். பெயர், பலசாலியாக்கிய சீரம் என்ற மருந்து, கேடயம், பனியில் உறைந்த கதை எல்லாம் ஒன்றுதான். ஆனால் இவர்கள் ஒரே மனிதர் இல்லை.

1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையில் பழைய ஸ்டீவ் ஹிட்லரின் முகத்தில் குத்து விடுகிறார். அப்போது அமெரிக்கா போரில் இறங்கவே இல்லை. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்தது அந்த டிசம்பரில்தான். உருவாக்கிய ஜோ சைமன், ஜேக் கிர்பி இருவருமே யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். அமெரிக்காவிலேயே இருந்த நாஜி ஆதரவாளர்கள் அவர்களை மிரட்டினார்கள். அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், அடிக்க வேண்டியவன் இவன்தான் என்று கைகாட்டப் பிறந்த பாத்திரம் இது. அந்தப் பிறவிக் குணம் பழைய ஸ்டீவை விட்டுப் போகவே இல்லை.

அல்டிமேட் ஸ்டீவ் வேறு காலத்துப் பிள்ளை. இரட்டைக் கோபுரத் தாக்குதல் முடிந்து சில மாதங்களில் வந்தவர். முதல் இதழ் 1945-ல் தொடங்குகிறது. தலையில் இராணுவ ஹெல்மெட், கையில் துப்பாக்கி. பாராசூட் இல்லாமல் விமானத்திலிருந்து குதிக்கிறார். இவர் முதலில் சிப்பாய், அப்புறம்தான் சூப்பர் ஹீரோ. கட்டளை வந்தால் செய்து முடிப்பார். ஹிட்ச் வரைந்த அந்தப் போர்க்களப் பக்கங்களைப் பார்த்தால் புகை கண்ணில் எரிவது போல இருக்கும்.

இவருக்கு நான் மனதாரக் கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. மூல உலகத்தில் பக்கி ஒரு பொடியன். இராணுவ முகாமில் வளர்ந்து ஸ்டீவின் உதவியாளன் ஆனவன். 1964-ல் ஸ்டீவ் பனியிலிருந்து மீண்டு வரும்போது, பக்கி வெடிவிபத்தில் இறந்துவிட்டான் என்ற குற்றவுணர்வோடு வருகிறார். அல்டிமேட்ஸில் பக்கி சாகவில்லை. சமவயது நண்பன், போர்க்களப் புகைப்படக்காரன். போர் முடிந்து உயிரோடு ஊர் திரும்பினான். ஸ்டீவ் கண் விழிக்கும்போது அவன் ஒரு கிழவன். ஸ்டீவுக்கு நிச்சயித்திருந்த கெயில் அவனுடைய மனைவி. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு வாழ்க்கையே நடந்து முடிந்திருக்கிறது. யார்மீதும் தப்பு இல்லை. செத்தவனுக்காக எத்தனை வருஷம் காத்திருப்பது? ஆனால் ஸ்டீவுக்கு நேற்றுதான் விடைபெற்றுப் போன மாதிரி. சாவைவிட இந்த உயிர்வாழ்தல்தான் அவரை அதிகமாக அறுக்கிறது. எத்தனை தடவை படித்தாலும் அந்தப் பகுதியில் நான் வேகமாகப் பக்கம் திருப்பியதில்லை. சினிமா பக்கியைச் சமவயது நண்பனாக்கியது இங்கிருந்து எடுத்ததுதான்.

குணத்தில் நான் இவரோடு ஒத்துப்போக முடியாத இடம் பிரான்ஸ் விஷயம். சரணடையச் சொல்லும் எதிரியிடம், தன் நெற்றியில் உள்ள 'A' என்ற எழுத்தைக் காட்டி, இது என்ன பிரான்ஸுக்கா நிற்கிறது என்று கத்துகிறார். அந்தத் தொடரிலேயே பிரபலமான காட்சி அதுதான். ஆனால் ஐரோப்பாவில் போரிட்ட ஒரு சிப்பாய் அப்படிப் பேசுவாரா? எட் ப்ரூபேக்கர் 2005-ல் எழுத ஆரம்பித்த தொடரில் பழைய ஸ்டீவ் இதற்கு நேர்மாறாக நிற்கிறார். பிரெஞ்சு எதிர்ப்புப் படையினர் போராடியதை அவர் கண்ணால் பார்த்தவர். அவர்களைக் கோழைகள் என்று யாராவது கேலி செய்தால் அவருக்குப் பிடிக்காது. போரை உண்மையில் பார்த்தவர் பழைய ஸ்டீவ்தான் என்று எனக்குத் தோன்றியது அங்கேதான்.

பதவி விஷயத்திலும் அப்படித்தான். 1980-ல் வந்த 250-வது இதழில் ஒரு கட்சி பழைய ஸ்டீவை ஜனாதிபதி வேட்பாளராக நிற்கச் சொல்கிறது. யோசித்துவிட்டு மறுக்கிறார். ஜனாதிபதி நாட்டின் அன்றாட நடைமுறையோடு சமரசம் செய்தே ஆக வேண்டும்; என் கடமை அந்த நாடு கண்ட கனவுக்கு என்பது அவர் வாதம். அதற்கும் முன்பு, ஜனாதிபதி நிக்சன் சிக்கிய வாட்டர்கேட் ஊழல் காலத்தில், சதிக் கும்பலின் தலைவனைத் துரத்திக்கொண்டு வெள்ளை மாளிகைக்குள்ளேயே போய்ச் சேர்ந்தவர் அவர். மனம் உடைந்து உடையையே கழற்றி வைத்துவிட்டு, 1974-ல் 'நோமட்' என்ற பெயரில் சுற்றினார். அல்டிமேட் ஸ்டீவோ 2012-ல் ஜனாதிபதியாகவே ஆகிவிடுகிறார். சிதறிக் கிடந்த நாட்டைச் சேர்த்துப் பிடிக்க மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு அது பொருத்தம்தான். நாடு கூப்பிட்டால் போவது அவர் சுபாவம். நாடே தப்பாகப் போனால் என்ன செய்வார் என்பதுதான் என் கவலை. பழைய ஸ்டீவ் அதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார்.

அதற்காக அல்டிமேட் ஸ்டீவ் கல்நெஞ்சக்காரர் இல்லை. மனைவியை அடித்துக் கொடுமை செய்த அணித் தோழன் ஹாங்க் பிம்மைத் தேடிப் போய் வெளுத்து வாங்குகிறார். 2011-ல் தனக்கு வந்த குண்டை இளம் ஸ்பைடர்மேன் குறுக்கே பாய்ந்து வாங்கிக்கொண்டபோது, அந்தப் பையனின் சாவுக்குத் தானே காரணம் என்று நொறுங்கிப் போகிறார்.

படிக்கும் வரிசை கேட்டால், அல்டிமேட்ஸின் முதல் 13 இதழ்களை முதலில் எடுங்கள். ஓவியமும் வேகமும் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் ப்ரூபேக்கரும் ஓவியர் ஸ்டீவ் எப்டிங்கும் சேர்ந்து செய்த 2005 தொடருக்கு வாருங்கள். செத்துப்போனதாக நாற்பது வருஷம் எல்லோரும் நம்பிய பக்கி அதில் எதிரியின் கையாளாகத் திரும்பி வருகிறான். அவனைக் கொல்ல வேண்டும் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லச் சொல்ல, ஸ்டீவ் அவனுடைய பழைய நினைவைத் தட்டி எழுப்பிவிட முடியும் என்று நம்பி நிற்கிறார்.